பழைய பிஎஸ்4: எஸ்எஸ்டி போட்டு ஓட்டலாமா, பிஎஸ்5க்கே போயிடலாமா?

தூசிபடிந்த_பேட் கேட்டது:

என்னோடது சோனி பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) முதல் வடிவம், சியுஎச்-1200 வரிசை, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். வாங்கினதிலிருந்து திறந்ததில்லை, வாரண்டி எப்பவோ முடிஞ்சாச்சு. ஆட்டம் தொடங்கி 15, 20 நிமிஷத்துல ஃபேன் சத்தம் ஏறுது. மெனு திக்கித் திக்கி நகருது. 300 எம்பி அப்டேட் வந்தாக்கூட டவுன்லோடு முடிஞ்சப்புறம் "காப்பியிங்"னு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கு. டிவி 1080பி. கையில் பத்துப் பன்னிரண்டு ஆட்ட டிஸ்க் இருக்கு. ஹார்டு டிஸ்குக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டியும், சிப் சூடு இறங்கப் புது தெர்மல் பேஸ்ட்டும் போட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமா? இல்லை அந்தக் காசைச் சேர்த்து வெச்சு பிஎஸ்5 வாங்கறதா? செகண்ட் ஹேண்டில் பிஎஸ்4 ப்ரோவும் கிடைக்குது.

டார்க்ஸ்_டி8 பதில்:

மூணு தொல்லையை ஒண்ணா முடிச்சுப் போட்டிருக்கீங்க. பிரிச்சுப் பாருங்க.

சத்தத்துக்கும் ஹார்டு டிஸ்குக்கும் சம்பந்தமில்லை. சூட்டை வெளியேத்தற ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவுல தூசி அடைச்சிருக்கும், பேஸ்ட் காய்ஞ்சிருக்கும். எஸ்எஸ்டி போட்டா அது குறையாது.

"காப்பியிங்" முழுக்க ஹார்டு டிஸ்க் விவகாரம். பிஎஸ்4 அப்டேட்டைப் பழைய ஆட்டத்தின் மேல ஒட்டுப் போடாது. பழையதையும் புதுசையும் கலந்து முழு ஆட்டத்தையும் இன்னொரு பிரதி எழுதி, அப்புறம்தான் பழசை அழிக்கும். அதனால நேரம் அப்டேட்டின் அளவைப் பொறுத்தது இல்லை, ஆட்டத்தின் அளவைப் பொறுத்தது. 80 ஜிபி ஆட்டத்துக்கு 300 எம்பி வந்தாலும் 80 ஜிபியும் எழுதணும். ஆட்டத்தின் அளவுக்குக் காலி இடம் வேணும்னு அது அடம்பிடிக்கறதும் இதனால்தான். 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரே நேரத்துல படிக்கவும் எழுதவும் திணறும். எஸ்எஸ்டி போட்டா உங்களுக்குப் பளிச்சுனு தெரியப்போற மாற்றம் இதுதான். மெனுவும் திக்காது.

ஆட்டம் லோடாகற நேரம் குறையும், ஆனா பிசியில் பார்த்த மாதிரி கண் சிமிட்டற வேகம் வராது. உங்க மாடலில் டிஸ்க் இணைப்பு வேகம் குறைஞ்ச சாட்டா 2. அதைவிடப் பெரிய தடை 1.6 ஜிகாஹெர்ட்ஸ் ஜாகுவார் சிபியு. சுருக்கி வெச்ச டேட்டாவை விரிக்கவே அதுக்கு மூச்சு வாங்கும். ஃபிரேம் ரேட் மாறாது. 30க்குப் பூட்டின ஆட்டம் 30தான். இந்தக் காரணத்தால விலை கூடின எஸ்எஸ்டியும் வீண். 2.5 இன்ச், 7 எம்எம், சாட்டா, 1 டிபி, தெரிந்த பிராண்டில் எது மலிவோ அது போதும். குச்சி மாதிரி இருக்கற எம்.2 எஸ்எஸ்டி வாங்கிட்டு வந்து முழிக்காதீங்க, உள்ளே அதுக்கு இடமே இல்லை.

மாத்தறது சுலபம். மேல்மூடியில் ஹார்டு டிஸ்க் இருக்கற பக்கத்துப் பாதி தனியா நகர்ந்து வரும். கீழே பிளேஸ்டேஷன் குறிகள் போட்ட ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழட்டினா டிஸ்க் தன் தட்டோட வெளியே வரும். தட்டின் பக்கவாட்டில் நாலு ஸ்க்ரூ, அவ்வளவுதான். ரொம்ப இறுக்கமா இருக்கும். சரியான பிலிப்ஸ் முனை இல்லாம திருகினா தலை வழவழன்னு ஆயிடும்.

புது எஸ்எஸ்டி காலியா இருக்கும், சிஸ்டம் சாஃப்ட்வேரை மறுபடி ஏத்தணும். பென்டிரைவை எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் பண்ணி, "பிஎஸ்4"னு ஃபோல்டர், அதுக்குள்ள "அப்டேட்"னு ஃபோல்டர், ரெண்டு ஃபோல்டர் பேரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். அதுக்குள்ள சோனி தளத்தில் ரீஇன்ஸ்டாலுக்குன்னு இருக்கற ஃபைல், சுமார் 1 ஜிபி. பலர் தடுக்கி விழற இடம் இது. சாதாரண அப்டேட் ஃபைல் அதில் பாதிதான் இருக்கும், ரெண்டுக்கும் பேர் ஒண்ணு. சின்னதைப் போட்டா "ஃபைல் எங்கே"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பவர் பட்டனை ரெண்டாவது பீப் வரை, ஏழு வினாடி போல, அழுத்திப் பிடிச்சா சேஃப் மோடு வரும். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் செருகணும், ப்ளூடூத் அங்கே வேலை செய்யாது. சிஸ்டம் சாஃப்ட்வேரை ரீஇன்ஸ்டால் பண்ற 7ஆவது விருப்பத்தை எடுங்க.

பேஸ்ட் வேலை கொஞ்சம் நிதானம் கேட்கும். நடுவில் துளை உள்ள டார்க்ஸ் டி8 (நட்சத்திர வடிவ) ஸ்க்ரூடிரைவர் முனை வேணும், பின்பக்க ஸ்க்ரூக்களில் சில ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிஞ்சிருக்கும். பவர் சப்ளையைத் தூக்கறதுக்கு முன்னாடி அதிலிருந்து போர்டுக்குப் போற கேபிளைக் கழட்டுங்க. பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கினப்புறமும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிக்கும். அதைத் தூக்கினாலே அடியில் தகடுகள் தெரியும். பாதிப் பேருக்கு அங்கே பிரஷ் போட்டாலே சத்தம் அடங்கிடும். காத்து அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடிச்சுக்கோங்க, சுழல விட்டா பேரிங் போகும்.

அப்பவும் அடங்கலைன்னா போர்டு வரை போங்க. சிப் மேல மூடி கிடையாது, சிலிக்கான் நேரடியா இருக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைச்சு, முழுப் பரப்பும் மூடற மாதிரி மெல்லிசா பேஸ்ட் தடவுங்க. மெமரி மேல இருக்கற தெர்மல் பேடைக் கிழிக்காதீங்க. திறந்த கையோட போர்டில் இருக்கற சிஆர்2032 நாணய பேட்டரியையும் மாத்திடுங்க. பத்து வருஷப் பேட்டரி, செலவு டீக்காசு.

ப்ரோ பத்தி: இப்ப அதை வாங்கறதுக்கு 1080பி டிவி வெச்சிருக்கறவருக்கு ஒரு காரணமும் இல்லை. அதுவும் பழைய மெஷின்தான், சியுஎச்-7000, 7100 வரிசை சத்தத்துக்கே பேர்போனது.

யுஎஸ்பி_கட்சி பதில்:

மேல சொன்னதில் ஒண்ணோட மட்டும் உடன்பாடில்லை. எஸ்எஸ்டியை உள்ளே ஏன் போடணும்? ஒரு யுஎஸ்பி 3.0 கேஸில் போட்டு வெளியே செருகுங்க. 2017இல் வந்த 4.50 அப்டேட்டிலிருந்து பிஎஸ்4 இதை ஏத்துக்குது. 250 ஜிபிக்குக் குறையக் கூடாது, ஹப் வழியா செருகக் கூடாது. திருகவும் வேண்டாம், ரீஇன்ஸ்டாலும் வேண்டாம், ஆட்டங்களை மூவ் பண்ணா முடிஞ்சது. இந்த மாடலில் உள்ளே போட்டதுக்கும் வெளியே போட்டதுக்கும் லோடிங்கில் கைக்கடிகாரம் வெச்சுப் பார்த்தாதான் வித்தியாசம் தெரியும்.

முக்கியமான லாபம் அப்புறம் வரும். நாளைக்கே பிஎஸ்5 வாங்கினா அந்த டிரைவை அப்படியே பிடுங்கி அதில் செருகலாம். பிஎஸ்4 ஆட்டங்கள் மறுபடி டவுன்லோடு இல்லாம அதிலிருந்தே ஓடும். உள்ளே போட்ட டிரைவை எடுத்தா ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும். "மேம்படுத்தறதா, மாத்தறதா"ன்னு இப்பவே முடிவு கட்ட வேண்டிய அவசியமே இல்லாமப் போகுது.

தூசிபடிந்த_பேட்:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு விஷயம் விட்டுட்டேன். சில நாளா ஆட்டம் நடுவுல சிஇ-34878-0ங்கற பிழை எண்ணைக் காட்டி வெளியே தள்ளுது. போன வாரம் கரண்ட் போய் வந்ததும் "ஸ்டோரேஜைச் சரிபார்க்கிறது"ன்னு ரொம்ப நேரம் ஓடுச்சு. ஹார்டு டிஸ்க் பக்கத்துலேர்ந்து லேசா டிக் டிக் சத்தமும் வருது. பிஎஸ்5 எடுத்தா, டிஸ்க் டிரைவ் இல்லாம விலை குறைவா இருக்கற டிஜிட்டல் வடிவம் போதுமா?

டார்க்ஸ்_டி8:

டிக் டிக்னா எக்ஸ்டர்னல் யோசனை அடிபட்டுப் போச்சு. சிஸ்டம் சாஃப்ட்வேரும் சேவ்களும் (ஆட்டத்தில் நீங்க எட்டின இடத்தைச் சேமிக்கற ஃபைல்கள்) எப்பவும் உள் டிஸ்கில்தான். அது செத்தா வெளியே எவ்வளவு நல்ல எஸ்எஸ்டி இருந்தாலும் மெஷின் எழுந்திருக்காது.

சிஇ-34878-0 தனியா வந்தா ஆட்டம் கிராஷ் ஆச்சுன்னு மட்டும்தான் அர்த்தம்; சேஃப் மோடில் 5ஆவதா இருக்கற ரீபில்ட் டேட்டாபேஸ் சில சமயம் சரி பண்ணும். ஆனா சத்தத்தோட சேர்ந்து வந்தா அதை இப்ப ஓட்டாதீங்க. டிஸ்க் முழுக்கப் படிக்கிற வேலை அது, சாகப்போற டிஸ்கை அதுவே முடிச்சு வைக்கலாம். முதலில் சேவ். செட்டிங்ஸில் அப்ளிகேஷன் சேவ்டு டேட்டா மேனேஜ்மென்ட் போய் யுஎஸ்பிக்குக் காப்பி பண்ணுங்க, சில ஜிபிக்கு மேல இருக்காது. டிராஃபி பேக்கப்பில் வராது, அதை நெட்டில் தனியா சிங்க் பண்ணணும். ஆட்டங்களைக் காப்பாத்த மெனக்கெடாதீங்க, அது எப்ப வேணும்னாலும் ஆட்ட டிஸ்கிலிருந்தோ நெட்டிலிருந்தோ வரும்.

கரண்ட் அடிக்கடி போற ஊர்னா ரெஸ்ட் மோடை அணைச்சு வைங்க. டிஸ்க் எழுதிக்கிட்டிருக்கும்போது போனா ஃபைல் கெட்டுப்போகும்.

வட்டு_சேகரம் பதில்:

டிஜிட்டல் பற்றி. உங்கள் பன்னிரண்டு டிஸ்க்கும் அதில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கத்தான் உதவும். டிஸ்கில் வாங்கிய ஆட்டத்தை டிஜிட்டலாக மாற்றிக்கொள்ள வழியில்லை. பிஎஸ்5 மேம்பாட்டை இலவசமாகத் தரும் பிஎஸ்4 ஆட்டங்களுக்கும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் உள்ளே இருந்தாக வேண்டும். 2020இல் வந்த பழைய டிஜிட்டல் வடிவத்தில் டிஸ்க் டிரைவைப் பிறகு சேர்க்கவும் முடியாது. ஸ்லிம் எனப்படும் சிஎஃப்ஐ-2000 வரிசையில் சேர்க்கலாம். முதல் முறை இணைக்கும்போது மட்டும் இணையம் தேவை. செகண்ட் ஹேண்டில் டிஜிட்டல் மலிவாகக் கிடைத்தால் வரிசை எண்ணைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். உங்கள் பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) கணக்கில் அங்கேயே நுழைந்து பாருங்கள், தடை செய்யப்பட்ட மெஷினாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். எச்டிஎம்ஐ துளைக்குள் டார்ச் அடித்து, வளைந்த பின் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிஎஸ்4இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4 வைத்து பிஎஸ்5இல் பிஎஸ்4 ஆட்டங்களை மட்டும்தான் ஆடலாம். வெளியே செருகும் யுஎஸ்பி டிரைவிலிருந்தும் அவை மட்டுமே ஓடும். பிஎஸ்5 ஆட்டங்களுக்கு உள் இடமோ, ஹீட்சிங்க் வைத்த ஜென்4 எம்.2 டிரைவோ வேண்டும். டிவி 1080பி என்பதால் தயங்க வேண்டாம், பல ஆட்டங்கள் 60 ஃபிரேமில் ஓடுவது அதிலும் தெரியும்.

எப்போது மாறுவது என்பது நீங்கள் என்ன ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கால்பந்து மாதிரியான வருடாந்திர ஆட்டங்கள் இன்னும் பிஎஸ்4க்கும் வருகின்றன. ஜிடிஏ 6 வராது. பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டுமே அறிவித்திருக்கிறார்கள். பிஎஸ் பிளஸ் சந்தா இருந்தால், 2026 ஜனவரியிலிருந்து மாதாந்திர ஆட்டங்களில் பிஎஸ்4க்கு முக்கியத்துவம் இருக்காது என்று சோனி முன்பே சொல்லிவிட்டது.

யுஎஸ்பி_கட்சி:

டிக் டிக் கேட்டப்புறம் நானும் கட்சி மாறிட்டேன். சேவ் ஃபைல்களை எடுத்துட்டு எஸ்எஸ்டியை உள்ளேயே போடுங்க, ஆனா 500 ஜிபியே போதும். பிஎஸ்5 வரும்போது அதே டிரைவை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு ஃபார்மட் பண்ணிக்கலாம், 250க்கு மேல இருக்கறதால ஏத்துக்கும். பழைய ஹார்டு டிஸ்கைக் கேஸில் போட்டு "சும்மா எக்ஸ்ட்ரா இடம்"னு மட்டும் வெச்சுக்காதீங்க.

தூசிபடிந்த_பேட்:

சேவ் மொத்தம் 3 ஜிபிகூட இல்லை, யுஎஸ்பியில் ஏறிடுச்சு. டிராஃபி சிங்க் ஓடிக்கிட்டிருக்கு. டி8 முனை மட்டும் பக்கத்துக் கடையில் நடுத்துளை இல்லாததுதான் இருக்காம்.

டார்க்ஸ்_டி8:

துளை இல்லாத முனை அந்த ஸ்க்ரூவில் இறங்கவே இறங்காது, வாங்காதீங்க. மொபைல் ரிப்பேர் சாமான் விக்கற கடையில் செட்டா கிடைக்கும். டிஸ்க் மாத்த அது தேவையில்லை, பிலிப்ஸ் போதும். அதை இன்னைக்கே முடிச்சுடுங்க, தூசி அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.