ஜிம் லாக்கரை உடைத்துத் திருடிவிட்டார்கள், "நிர்வாகம் பொறுப்பல்ல" போர்டு இருந்தால் எதுவும் கேட்க முடியாதா?

கேள்வி (ஓட்டக்காரன்):
போன வாரம் நான் போகும் ஜிம்மில் என் லாக்கரை உடைத்து போன், பர்ஸ், அப்பா கொடுத்த வாட்ச் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். பூட்டும் சாவியும் என்னுடையவை. பூட்டு அப்படியே இருக்கிறது, கதவில் இருந்த கொண்டியைத்தான் நெம்பி எடுத்திருக்கிறார்கள். மேனேஜரிடம் கேட்டால் சுவரில் இருக்கும் போர்டைக் காட்டுகிறார். பையை உள்ளே கொண்டுபோகக் கூடாது, லாக்கரில்தான் வைக்க வேண்டும் என்று சொன்னதே அவர்கள்தான், அப்புறம் எப்படிப் பொறுப்பில்லை என்கிறார்கள்? போன் போகட்டும், வாட்ச் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

பதில் (கறுப்புக் கோட்டு):
போர்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, பொருளை அவர்கள் கையில் ஒப்படைத்தீர்களா, இல்லை அவர்கள் இடத்தில் நீங்களே வைத்தீர்களா என்பதுதான். ஒப்படைத்தால் அது பெயில்மென்ட், வாங்கியவர் அக்கறையோடு பாதுகாத்தாக வேண்டும். 1894-இல் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான ஓர் இங்கிலாந்து வழக்கில், சாப்பிட வந்தவர் கேட்காமலே வெயிட்டர் அவருடைய கோட்டை வாங்கிக் கொக்கியில் மாட்டினார், கோட்டு காணாமல் போனது, உணவகம்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2019-இல் ஹோட்டல் வேலே பார்க்கிங்கில் (ஊழியரே சாவியை வாங்கிக் காரை நிறுத்தும் ஏற்பாடு) திருடுபோன கார் வழக்கில், சாவியை வாங்கிக்கொண்ட பிறகு "உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சடித்திருப்பதைக் காட்டி ஹோட்டல் தன் அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது, அலட்சியம் இல்லை என்று நிரூபிப்பதும் ஹோட்டலின் வேலை என்றது.

உங்கள் விஷயத்தில் சாவி உங்களிடமே இருந்ததால் இந்த வழி கடினம். ஆனால் அலட்சியம் என்ற வழி இருக்கிறது. கொண்டி ஆடிக்கொண்டிருந்தது அவர்களுக்கு முன்பே தெரியுமா, இதற்கு முன் அங்கே திருட்டு நடந்திருக்கிறதா? நிரூபிக்கும் சுமை இங்கே உங்கள் மேல். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், உள்ளூர் வழக்கறிஞரையும் பாருங்கள்.

பதில் (கல்லாப்பெட்டி):
நான் கடை நடத்துகிறேன், வாசலில் பை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிறோம். எல்லாத் திருட்டுக்கும் கடைக்காரனே பணம் கட்ட வேண்டும் என்றால் யாரும் கடை திறக்க முடியாது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் டோக்கன் கொடுத்துவிட்டால் அந்தப் பை என் பொறுப்பு, நானும் போர்டு மாட்டியிருந்தேன், என் ஆள் கவனிக்காமல் விட்டால் அது காப்பாற்றாது என்று வக்கீல் சொன்னபிறகு கழற்றிவிட்டேன். கடைச் சரக்குக்கு எடுத்த காப்பீடு வாடிக்கையாளர் பொருளுக்குத் தானாகச் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஜிம்மிடம் அப்படி ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள், சில நேரம் வழக்கைவிட அது சீக்கிரம் முடியும்.

பதில் (நடைபாதை):
இன்றைக்கே ஒரு கடிதம் கொடுங்கள். கேமரா பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும், அந்த நாள், அந்த நேரப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கேட்டு, வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்குங்கள். போலீஸ் புகார் கொடுத்துவிட்டீர்களா? உடைந்த கொண்டியை அவர்கள் சரிசெய்வதற்குள் படம் எடுங்கள். அப்புறம், சேரும்போது கையெழுத்துப் போட்ட படிவத்தைத் தேடுங்கள், போர்டைவிட அதில் இருக்கும் வரிக்குத்தான் பலம் அதிகம். ஜிம்மில் சேர்ந்தபிறகுதான் போர்டைப் பார்த்தீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். 1949-இல் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான ஓர் இங்கிலாந்து ஹோட்டல் வழக்கில், அறைக்குள் மாட்டிய அறிவிப்பு செல்லாது, வரவேற்பறையிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள்.

ஓட்டக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. புகார் கொடுத்துவிட்டேன், படமும் எடுத்தேன். கூட வரும் ஒருவரிடம் கேட்டால், 2 மாதம் முன்பு அதே வரிசையில் இன்னொரு லாக்கரையும் இதேபோல நெம்பியிருக்கிறார்கள், அவர் அப்போதே மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார், அந்தச் செய்தி இன்னும் அவர் போனில் இருக்கிறது. இது போதுமா?

கறுப்புக் கோட்டு:
அதைத்தான் கேட்டேன். தேதி தெரியும்படி அவரிடம் ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள், செய்தியை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஜிம்முக்குக் கொடுக்கும் கடிதத்தில் இதையும் எழுதிவிடுங்கள்.