எதிரே வரும் பைக்குக்குக் கை காட்டியே ஆக வேண்டுமா?

வளைவுப்பாதை:

பைக் ஓட்டக் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான்கு பேராக ஒரு மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தோம். இடப்பக்கம் மடங்கும் வளைவு. எதிரே மூன்று பைக்குகள் ஏறி வந்தன. முதலில் வந்தவர் கையைத் தூக்கினார். யோசிக்காமல் நானும் இடது கையை எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து முன்சக்கரம் ஓரத்து மணலில் வழுக்கி, ஹேண்டில்பார் ஒரு வெட்டு வெட்டியது. விழவில்லை. ஆனால் வண்டி நடுக்கோடு வரைக்கும் அகன்று போய்த்தான் திரும்பியது. எதிரே மூன்றாவதாக வந்தவர் பிரேக் பிடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கீழே வந்து நிறுத்தியதும் எங்களில் மூத்தவரிடம் சொன்னேன். "பழகிக்கோ. ஒருத்தர் கை காட்டினா பதிலுக்குக் காட்டாம போறது மரியாதை இல்லை" என்றார். அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. காட்டியே ஆக வேண்டுமா? நீங்கள் எல்லோரும் என்ன செய்கிறீர்கள்?

நெடும்பயணி:

மரியாதை என்று அவர் சொன்னது சரி. வளைவுக்கும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அது தவறு. வளைவில் யாரும் கையை எடுக்கக் கூடாது, எதிரே வருகிறவரும் அங்கே எடுத்திருக்கக் கூடாது.

ஆனால் இதற்காக அந்தப் பழக்கத்தையே விட்டுவிடாதீர்கள். இருபது வருடமாக ஓட்டுகிறேன். தனியாக ஆறு மணி நேரம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் ஒரு கை தூக்கிவிட்டுப் போனால் அடுத்த ஐம்பது கிலோமீட்டர் சுலபமாகிவிடும். அவருக்கும் அதே காற்று, அதே மழை, அதே முதுகுவலி. விழுந்தால் இருவருக்கும் சுற்றித் தகரம் கிடையாது. அதை வாயால் சொல்ல நேரமில்லை, கையால் சொல்கிறோம். நேர்ச்சாலையில், கியர் மாற்றும் வேலை இல்லாதபோது, இரண்டு விரலைக் கீழ்நோக்கி நீட்டினால் போதும். அதையும் செய்யாமல் போவது, எதிரே வந்து வணக்கம் சொன்னவரைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொள்வது போலத்தான்.

இரண்டுகையும்பிடி:

நெடும்பயணி அண்ணே, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை கொடுத்தே மறுக்கிறேன்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். கையை எடுத்து, காட்டி, மறுபடி பிடியில் வைக்க 2 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 33 மீட்டர் ஒற்றைக் கையில். நேர்ச்சாலையிலும் பள்ளம் உண்டு, நாய் உண்டு.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு விரலைத் தாழ்வாக நீட்டும் வழக்கம் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குத்தான் இயல்பாகப் பொருந்தும். அங்கே எதிரே வருகிறவர் நம் இடப்பக்கம் கடக்கிறார், இடது கை அவர் கண்ணில் படும். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அவர் நம் வலப்பக்கம் கடக்கிறார். வலது கையில் ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும் இருக்கின்றன, அதை எடுக்கவே முடியாது. இடது கையைத் தாழ்வாக நீட்டினால் உடம்பும் டேங்கும் மறைத்துவிடும். தெரிய வேண்டுமென்றால் தலைக்கு மேலே தூக்க வேண்டும். வளைவுப்பாதைக்கு நடந்தது அதுதானே? அதனால்தான் பிரிட்டனில் பெரும்பாலும் தலையசைப்போடு முடித்துக்கொள்கிறார்கள். பிரான்சில் வழிவிட்ட வண்டிக்கு நன்றி சொல்ல வலது காலை வெளியே நீட்டுவார்கள், கை பிடியிலேயே இருக்கும்.

ஆகவே தலையசைப்பு போதும். அதுவும் விருப்பம்தான், கடமை இல்லை. பதில் சொல்லாதவரை மரியாதை தெரியாதவர் என்று பேசுவதால்தான் புதிதாக ஓட்டுகிறவர்கள் வளைவில் கையை எடுக்கிறார்கள்.

நெடும்பயணி:

தலையசைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை தம்பி. அதுவும் வணக்கம்தான். எதுவுமே இல்லாமல் போவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதில் பாதுகாப்பும் இருக்கிறது. 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த ஹர்ட் அறிக்கை லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. வேறு வாகனமும் சம்பந்தப்பட்டவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனத்தை ஓட்டியவர் பைக்குக்கு உரிய வழியை மறித்ததால் நடந்தவை. பைக் கண்ணில் படாததே பெரிய காரணம் என்றார்கள். வணக்கம் சொல்லிப் பழகியவர் தூரத்தில் ஒற்றை விளக்கைப் பார்த்தாலே "பைக் வருகிறது" என்று கவனிப்பார். கண்ணுக்கு அது நல்ல பயிற்சி.

இரண்டுகையும்பிடி:

அந்த அறிக்கை உங்கள் பக்கம் பேசவில்லை அண்ணே. வழியை மறித்தவர்களில் பெரும்பாலோர் கார் ஓட்டியவர்கள். நீங்கள் வணக்கம் சொல்வது பைக்குக்கு மட்டும். பார்க்க வேண்டியவருக்கு அந்தப் பயிற்சி போய்ச் சேரவே இல்லையே.

பின்பெட்டி:

இதுவரை யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். நீங்கள் கை காட்டுவது எந்தப் பைக்குக்கு?

பின்னால் பெட்டி கட்டிய சின்ன வண்டியில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறேன். பொருள் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. நெடும்பயணி அண்ணன் சொன்ன காற்று, மழை, முதுகுவலி எல்லாம் எனக்கும் உண்டு, வருடம் முழுக்க உண்டு. ஆனால் பெரிய வண்டிக் குழு எதிரே வரும்போது எனக்கு முன்னால் போகிற பெரிய வண்டிக்குக் கை எழும், நான் வரும்போது கீழே இறங்கிவிடும். எனக்குப் பின்னால் இன்னொரு பெரிய வண்டி வந்தால் மறுபடி எழும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

அது போகட்டும். வணக்கம் இல்லாமல் என் வேலை நிற்காது. வழி இல்லாவிட்டால் நிற்கும். ஒரு நாள் இருவழிச் சாலையில் பதினைந்து பைக்குகள் ஒரே சரமாக 60இல் போய்க்கொண்டிருந்தன. நான் முந்திப்போக வேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் நுழைய இடைவெளியே இல்லை. ஓரளவு இடம் தெரிந்து நுழையப் போனால் பின்னால் இருப்பவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கி இடத்தை அடைக்கிறார், குழு பிரியக் கூடாதாம். எதிரே லாரி. பிரேக் போட்டுப் பழைய இடத்துக்கே பின்வாங்கினேன். கடைசியில் போனவர் எனக்கு ஹாரன் அடித்தார்.

இன்னொரு நாள், இருட்டும் நேரம். செயின் கழன்று பின்சக்கரப் பல்லுக்கும் அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்முக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. ஓரத்தில் தள்ளி வைத்து விரலால் இழுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெரிய பைக்குகள் வந்தன. இருவரும் வேகத்தைக் குறைக்காமல் கை காட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எனக்கும் வணக்கம் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்தது. அவருக்குச் செயின் மாட்டத் தெரியாது என்று அவரே சொன்னார். ஆனால் தன் வண்டியை எனக்கு இருபதடி பின்னால், வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தி இண்டிகேட்டரைப் போட்டார். பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து போன் வெளிச்சத்தைப் பல்சக்கரத்தின் மேல் பிடித்தார். வெளிச்சம் நடுங்காமல் இருக்க இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். செயின் ஏறியதும் கிளம்பிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

மூத்தவர் மரியாதை என்று சொன்னாரே, எனக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

நெடும்பயணி:

படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை.

சின்ன வண்டிக்குக் கை காட்டுவதில்லை என்பது எங்கள் குழுவிலும் உண்மை. நகரத்துக்குள் ஆயிரம் பைக்குகள் நடுவில் யாருக்கென்று காட்டுவது என்ற காரணத்தை நெடுஞ்சாலைக்கும் கொண்டுவந்துவிட்டோம். அதில் நியாயமில்லை. ஓரத்தில் நிற்பவரைப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போவதும் தவறு. கட்டைவிரலைத் தூக்கி "சரியா?" என்றாவது கேட்டு, பதில் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆனால் குழு பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஏற்க மாட்டேன். எங்களோடு புதியவர்கள் வருகிறார்கள். நடுவில் வேறு வண்டி புகுந்தால் பதறி வேகம் கூட்டித் துரத்துவார்கள். வழி தவறிப் போய் விபத்தில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். சேர்ந்து போவது திமிர் இல்லை, பொறுப்பு.

கடைசிவண்டி:

குழு ரைடுகளில் நான் எப்போதும் கடைசியில் போகிறவன், அதனால் முந்த முடியாமல் தவிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். பின்பெட்டி சொன்னதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

பதினைந்து பைக்குகள், ஒருவர் தடத்தின் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி, ஆளுக்கு ஆள் 1 நொடி இடைவெளி. அதே பக்கத்தில் நேர் முன்னால் போகிறவரிடமிருந்து 2 நொடி இடைவெளி கிடைக்கும். இது ஒழுங்கான வரிசைதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சரத்தின் நீளம் சுமார் 230 மீட்டர். 80இல் வருகிறவர் முழுவதையும் தாண்ட 42 நொடி ஆகும். அதற்குள் அவர் எதிர்த்தடத்தில் 900 மீட்டருக்கு மேல் ஓடியிருப்பார். இருவழிச் சாலையில் அவ்வளவு தூரம் காலியாகத் தெரியும் இடம் எத்தனை? ஐந்து ஐந்தாக மூன்று குழுவாகப் பிரிந்து, நடுவில் தாராளமாக இடம் விட்டால் ஒவ்வொரு குழுவும் 70 மீட்டர்கூட வராது. 12 நொடியில் தாண்டி இடைவெளிக்குள் வந்துவிடலாம். குழுவுக்கு ஐந்திலிருந்து ஏழு பேர் போதும் என்று பயிற்சி கொடுப்பவர்கள் சொல்வதும் இதை ஒட்டித்தான்.

இன்னொன்று, வளைவு வந்தால் மாற்றி மாற்றி ஓடும் வரிசையை விட்டு ஒற்றை வரிசையாகிவிட வேண்டும். ஆளுக்கு முழுத் தடமும் தேவைப்படும்.

சைடுஸ்டாண்டு:

வணக்கத்தைவிட முக்கியமான சைகைகள் உண்டு, அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. பல பைக்குகளில் இண்டிகேட்டர் தானாக அணையாது. எதிரே வருகிறவருக்கு அது எரிந்துகொண்டே இருந்தால் விரல்களை மூடித் திறந்து காட்டுங்கள். ஸ்டாண்டு எடுக்காமல் போகிறவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். இடப்பக்கம் சாய்ந்தால் அது தரையில் குத்திப் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். பள்ளத்தையும் மணலையும் பின்னால் வருகிறவருக்குக் காலால் காட்டலாம். ஹெல்மெட் உச்சியைத் தட்டினால் முன்னால் ஏதோ இருக்கிறது, மெதுவாகப் போ என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஹைபீமை அடித்து வணக்கம் சொல்லாதீர்கள். ஒருவருக்கு அது "நீ போ", இன்னொருவருக்கு "நான் வருகிறேன், நில்". பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூலில் 110ஆம் விதி, நாம் இருக்கிறோம் என்று தெரிவிக்க மட்டுமே விளக்கை மின்ன வேண்டும், வேறு எதற்கும் கூடாது என்கிறது.

இரண்டுகையும்பிடி:

சைடுஸ்டாண்டு சொன்ன சைகைகளுக்கு நானும் கையை எடுப்பேன், இடம் பார்த்து. அது ஒருவர் விழாமல் இருக்கத் தேவையான செய்தி. என் கோபம் வணக்கத்தின் மேல் இல்லை, அதைக் கட்டாயமாக்குவதன் மேல்.

தடம் பகிர்வதில் இன்னொரு வழக்கம் எனக்குப் பெரிய தொல்லை. ஒரே தடத்தில் பக்கத்தில் வந்து ஒட்டி ஓட்டுவது. பைக்குக்குப் பைக் என்றால் இடம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். நான் பள்ளத்தைத் தவிர்க்க அரை மீட்டர் விலகினால் அவர் மேல் போய் விழுவேன். முந்துவதாக இருந்தால் முழுத் தடம் மாறி முந்துங்கள், இல்லையென்றால் பின்னாலேயே வாருங்கள்.

வளைவுப்பாதை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று தனியாக அதே சாலையில் போய்வந்தேன். நேரான இடங்களில் தலையசைத்தேன், பெட்டி கட்டிய வண்டிகளுக்கும் சேர்த்து. பாதிப் பேர் திருப்பி அசைத்தார்கள். வளைவில் ஒருவர் கை காட்டினார், நான் அவரைப் பார்க்கவே இல்லை, சாலையைத்தான் பார்த்தேன். பதில் சொல்லாததற்காக வருத்தப்படவில்லை.

நெடும்பயணி:

வளைவில் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். நேர்ச்சாலையில் நான் கையைத் தூக்குவதை விடப் போவதில்லை, சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ரைடில் பதினான்கு பேர். மூன்றாகப் பிரிக்கச் சம்மதிக்கிறேன். ஆனால் பிரிந்த குழுவுக்குத் திருப்பம் தெரியாமல் போனால் என்ன செய்வது?

கடைசிவண்டி:

ஒவ்வொரு திருப்பத்திலும் தலைவருக்கு அடுத்து வருகிறவர் ஓரமாக, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். கடைசி வண்டி வரும் வரை வழி காட்டிவிட்டு, அதற்கு முன்னால் சேர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த திருப்பத்துக்கு அப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. கிளம்பும் முன் ஒரு தடவை எல்லோருக்கும் விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

நெடும்பயணி:

செய்கிறேன். பின்பெட்டி தம்பி, உங்களைப் போல முந்த வருகிறவருக்கு "போங்கள்" என்று எங்களில் யார் கை காட்ட வேண்டும்? கடைசி ஆளா, குழுத் தலைவரா?

பின்பெட்டி:

யாரும் காட்ட வேண்டாம் அண்ணே. நீங்கள் கை காட்டினால் எதிர்த்தடம் காலியாக இருக்கிறது என்று நம்பி வந்துவிடுவேன். உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்திருக்காது, எனக்கு எவ்வளவு நேரம் தேவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் பக்கத்தில் வரும்போது வேகத்தைக் கூட்டாதீர்கள், நடுவில் விட்ட இடத்தை அடைக்காதீர்கள். எதிரே என்ன வருகிறது என்பதை நானே பார்த்துக்கொள்கிறேன்.