‘ராம்-லீலா’: இடைவேளைக்குப் பிறகு ஏன் பலருக்குப் பிடிக்காமல் போகிறது?

சாளரம் (கேள்வி)

சஞ்சய் லீலா பன்சாலியின் ‘கோலியோன் கீ ராஸ்லீலா ராம்-லீலா’ 2013 நவம்பர் 15 அன்று வெளியானது. அதைப் பற்றிப் பார்த்தவர்கள் சொல்வதை எங்கே படித்தாலும் ஒரே கோடு தெரிகிறது. இடைவேளை வரை அப்படி ஒரு கொண்டாட்டம்: ரன்வீர், தீபிகா, ஹோலி, மாடத்துக் காட்சி, பாட்டு. அதற்குப் பிறகு “இழுவை”, “ரத்தம் அதிகம்”, “முடிவு ஒட்டவில்லை” என்ற புகார்கள். ‘ரோமியோ ஜூலியட்’டைத் தழுவிய படம், ஆகவே சாவு வரும் என்று தெரிந்துதான் எல்லோரும் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு ஏன் அந்தச் சாவு கனக்கவில்லை என்கிறார்கள்?

எங்கள் வாசகர் வட்டத்தில் நாடகத்தையும் படத்தையும் சேர்த்து வைத்துப் பேசப்போகிறோம். மூலத்தில் எது எடுபட்டது, எதற்குப் பதில் எது வந்தது, எங்கே பிசகியது என்று காட்சி எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும். “எனக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை” என்பதைத் தாண்டிப் பேச வேண்டும்.

கடைசிவரிசை

முதலில் நாடகத்தை ஓட்டுவது எது என்று பார்த்துவிடுங்கள். அது காதலை விடக் கடிகாரத்தைத்தான் நம்பியிருக்கிறது. ஞாயிறு இரவு விருந்தில் சந்திப்பு, மறுநாளே திருமணம், அன்றே கொலை. ஐந்து நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஜூலியட் குடிக்கும் மருந்துக்கு 42 மணி நேரக் கணக்கு. அவள் சாகவில்லை, உறங்குகிறாள் என்று ரோமியோவுக்கு எழுதிய கடிதம் போய்ச் சேரவில்லை. எடுத்துப் போன துறவியைக் கொள்ளைநோய் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள் (5ஆம் அங்கம், 2ஆம் காட்சி). யாரும் திட்டமிட்டுக் கெடுக்கவில்லை. ஒரு கடிதம் தாமதமானது, இரண்டு உயிர் போனது. பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசைவது அந்த “இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால்” என்ற எண்ணம்தான்.

பன்சாலி இந்த எந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டார். மருந்து இல்லை, கடிதம் இல்லை, துறவியும் இல்லை. கையில் கைபேசி இருக்கும் காலத்துக் கதையில் கடிதம் வழிதவறியது என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, அது நியாயம்தான். அந்த இடத்தில் அவர் வைத்தது நண்பர்களின் துரோகம். ஓடிப்போய்த் திருமணம் செய்துகொண்டவர்களின் இருப்பிடம் ராமின் ஆட்கள் வழியாகவே லீலாவின் குடும்பமான சனேராக்களுக்குத் தெரிகிறது, லீலாவைப் பிடித்துப் போகிறார்கள். இதில் தற்செயலுக்கு இடமே இல்லை. அந்தப் புள்ளியிலிருந்து படம் வேறு வகைக் கதையாகிவிடுகிறது. பார்ப்பவர் மட்டும் பழைய கதைக்காகவே காத்துக்கொண்டிருக்கிறார். “இழுவை” என்ற புகார் பிறக்கும் இடம் இது.

இன்னொன்று, என் கணக்கில் இதைவிடப் பெரிய மாற்றம். நாடகம் நடக்கும் வெரோனாவில் இரண்டு குடும்பத்துக்கும் மேலே ஒரு இளவரசர் இருக்கிறார். கொலை செய்த ரோமியோவை நாடுகடத்துகிறார். காதலர்கள் பிரிவது அந்தத் தண்டனையால்தான். படத்தின் ரஞ்சாரில் இளவரசர் கிடையாது. ஊரே துப்பாக்கிக் கடை, சட்டம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. ராமின் ரஜாடி குடும்பத்துக்கும் சனேராக்களுக்கும் உள்ள பகைக்கு வயது 500 ஆண்டு. எதிரி வீட்டுப் பெண்ணைக் கூட்டிப் போனதற்காக ராமை யாரும் விரட்டவில்லை, தூக்கித் தலைவனாக உட்கார வைக்கிறார்கள். மூலத்தில் நாடுகடத்தல் இருந்த இடத்தில் இங்கே பட்டாபிஷேகம். அந்தப் பக்கம் தாய் தன்கோர் சுடப்பட்டதும் லீலாவும் தலைவியாகிறாள். இருவர் கையிலும் அதிகாரம் வந்துவிட்டது. பகையை நிறுத்த முடிந்த இரண்டே பேர் அவர்கள்தான், அவர்களாலும் முடியவில்லை. எனக்கு இது மூலத்தைவிடக் கசப்பான கற்பனையாகப் படுகிறது. ஆனால் அந்தக் கசப்பை நிதானமாகக் காட்டாமல் பாட்டுக்கும் பழிவாங்கலுக்கும் நடுவே நெருக்கிவிட்டார்.

பிசகிய இடம் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் 3ஆம் அங்கம் 1ஆம் காட்சிக்குச் சமமான கட்டத்தைச் சொல்வேன். நாடகத்தில் சாகிற மெர்குஷியோ ரோமியோவின் நண்பன், பதிலுக்குக் கொல்லப்படும் டைபால்ட் ஜூலியட்டின் ஒன்றுவிட்ட உறவு. படத்தில் லீலாவின் அண்ணன் காஞ்ஜி சுட்டு ராமின் அண்ணன் மேக்ஜி சாகிறான். அதே வேகத்தில் ராம் காஞ்ஜியைச் சுடுகிறான். இரண்டு பக்கமும் உடன்பிறந்த அண்ணன்கள். விலை ஏறிவிட்டது. விலை ஏறினால் அந்தத் துக்கத்துக்கான நேரமும் ஏற வேண்டும் இல்லையா? ஜூலியட் ஒன்றுவிட்ட உறவுக்காகவே ஒரு முழுக் காட்சி குமுறுகிறாள் (3ஆம் அங்கம், 2ஆம் காட்சி). ரோமியோவைத் திட்டுகிறாள், பிறகு திட்டியதற்காகத் தன்னையே நொந்துகொள்கிறாள். லீலாவுக்கு அந்த அவகாசம் தரப்படவில்லை. அண்ணன் உடல் ஆறுமுன்னே ஓடிப்போகிறாள் என்று பார்வையாளர்கள் முகம் சுளிப்பது இதனால்தான். அது ஒழுக்கப் புகார் மாதிரி ஒலிக்கும், உண்மையில் திரைக்கதைப் புகார்.

செம்மண்

கடைசிவரிசை சொல்றது சரி, ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க. பிற்பாதி ரத்தம் திடீர்னு வந்ததுன்னு சொல்றவங்க முதல் பாதிப் பாட்டுகளைக் காதுல வாங்கலைன்னுதான் சொல்லணும். காதல் பத்திக்கிற கட்டத்துலயே வர்ற பாட்டு “லஹு முஹ் லக் கயா”. வாயில ரத்தம் பட்டுடுச்சுன்னு அர்த்தம். ஒரு தடவை ருசி கண்ட மிருகத்தைப் பத்திச் சொல்ற சொலவடை அது. கொஞ்சற பாட்டுக்கு அதைத் தலைப்பா வெச்சிருக்காங்க. தலைவனும் தலைவியும் முதல்ல பேசிக்கிறதே துப்பாக்கியை நீட்டித்தான். இதுக்கு மேல எப்படி எச்சரிக்கை பண்ணுவாங்க? சமீர், அர்ஷ் தன்னா இணையருக்கு நடன அமைப்புக்கான ஃபிலிம்ஃபேர் கிடைச்சதும் இந்தப் பாட்டுக்குத்தான்.

இசையும் பன்சாலியே. “மோர் பனி தங்காட் கரே” பாட்டை வட்டத்துல தனியா எடுத்துப் பேசுங்க. மனசு மயிலாகி ஆடுதுன்னு வர்ற அந்த வரிகள் குஜராத்திக் கவி ஜவேர்சந்த் மேகானியோடது. அவர் அதைத் தாகூரோட வங்கக் கவிதையில இருந்து எடுத்துத் தன் மொழியில புதுசாப் பண்ணினார். தழுவல் படத்துக்குள்ள இன்னொரு தழுவல். மேகானி செஞ்ச மாதிரி மண்ணுக்குள்ள இறக்கிட்டா மூலம் எதுன்னே யாருக்கும் ஞாபகம் வராது. பன்சாலிக்கு அது பாட்டுல கைகூடுச்சு, கதையில பாதிதான் கைகூடுச்சு.

அதுக்கு ஒரு காரணம் ஊர்தான். ஜாதிப் பெயர்களுக்கு எதிர்ப்பு வந்ததால ரஜாடி, சனேரான்னு பெயர் வெச்சாங்க. தலைப்புக்கும் நீதிமன்றம் வரை வழக்கு போய், முன்னாடி “கோலியோன் கீ ராஸ்லீலா” ஒட்டிச்சு. கடைசியில ரஞ்சார் எந்த வரைபடத்துலயும் இல்லாத ஊராயிடுச்சு. உடை, பாட்டு, பேச்சு எல்லாம் குஜராத். ஆனா அங்க வேலைக்குப் போறவன், கடன் வாங்கினவன், பள்ளிக்கூடம் போற பிள்ளை, இப்படி ஒருத்தரும் கண்ணுல படமாட்டாங்க. ஊர் நிஜமாத் தெரியலைன்னா அங்க விழற பிணமும் நிஜமாத் தெரியாது.

ஒளிப்பதிவு நம்ம தஞ்சாவூர் மாவட்டத்து ரவிவர்மன். படத்தைக் குறை சொல்றவங்களும் கண்ணுக்கு விருந்துன்னு ஒத்துக்கிறாங்கன்னா அதுல அவர் பங்கு பெருசு. பிரியங்கா சோப்ரா ஆடற பாட்டைப் பத்தி மட்டும் என்னால பரிஞ்சு பேச முடியாது. கதைக்குள்ள அவங்களுக்குப் பாத்திரமே கிடையாது, அந்தப் பாட்டை வெட்டி எடுத்தா ஒரு தையலும் பிரியாது.

பாவைக்கூத்து

சாவு ஏன் கனக்கவில்லை என்ற கேள்விக்கு ‘கயாமத் சே கயாமத் தக்’கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் குறுக்குவழி. 1988 ஏப்ரல் 29இல் வந்தது. மன்சூர் கான் இயக்கம், எழுதித் தயாரித்தவர் அவர் தந்தை நாசிர் ஹுசைன். அதுவும் இதே நாடகத்தின் வித்துதான், இரு தாக்கூர் குடும்பங்களின் பகை. தந்தை சுபமான முடிவை விரும்பியிருக்கிறார், மகன் சாவில்தான் முடிய வேண்டும் என்று நின்றிருக்கிறார். மகன் நின்றது நல்லதாயிற்று.

அந்தப் படத்தில் ராஜும் ரஷ்மியும் ஓடிப்போன பிறகு குடித்தனம் நடத்திப் பார்க்கிறார்கள். ஆளரவமற்ற மலைப்பக்கம், சமைக்கத் தெரியாத பெண், விறகு, சின்னச் சண்டை, சமாதானம். கதை அங்கே நகராமல் நிற்பதுபோல் தோன்றும். பார்ப்பவர் அந்த நேரத்தில்தான் அவர்களை நம் வீட்டுப் பிள்ளைகளாக எடுத்துக்கொள்கிறார். பிறகு கூலிக்கு வந்தவன் சுட்டு ரஷ்மி விழும்போது போவது ஒரு குடித்தனம். ராம், லீலாவுக்குக் கிடைப்பதோ ஒரே இரவு. அவர்கள் சேர்ந்து இருப்பதை நாம் பார்த்ததெல்லாம் மோகம்தான், வாழ்க்கையைப் பார்க்கவே இல்லை. அதனால் கடைசியில் இழப்பதற்கு நம் கையில் அதிகம் இல்லை.

யார் கையால் சாகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். நாடகத்தில் இருவரும் தற்கொலை, ஆனால் ரோமியோ பொய்யை நம்பிச் சாகிறான். ‘கயாமத்’தில் அவளைப் பகை கொல்கிறது, அவன் கத்தியால் தன்னைக் குத்திக்கொள்கிறான். ‘ராம்-லீலா’வில் இருவரும் மாடத்தில் நின்று ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்கிறார்கள். ஒன்றரை வருடம் முன்பு, 2012 மே மாதம் வந்த ஹபீப் ஃபைசலின் ‘இஷக்ஸாதே’விலும் கிட்டத்தட்ட இதே முடிவு. ஆனால் அங்கே வெளியே கொலைகாரர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள், வேறு வழி இல்லை என்று பார்ப்பவருக்கே தெரியும். ரஞ்சாரிலோ இருவருமே தலைவர்கள். லீலாவின் ஒன்றுவிட்ட அண்ணன் பவானியின் சூழ்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும், “நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சொல் சொன்னால் நிற்காதா?” என்று பார்ப்பவர் மனசு கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கேள்விக்குப் படம் பதில் தரவில்லை. கடைசியில் தன்கோர் மனம் மாறுகிறாள், அது அவர்களை எட்டுமுன் துப்பாக்கி வெடித்துவிடுகிறது. தூக்கி எறிந்த கடிகாரத்தைக் கடைசி நிமிடத்தில் மறுபடி மாட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ஒட்டவில்லை.

ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வைத் தழுவிய ‘ஓம்காரா’வில் (2006) விஷால் பரத்வாஜ் கைக்குட்டைக்குப் பதில் இடுப்புச் சங்கிலியைக் கொண்டுவந்தார். குடும்ப நகை, தொலைந்தால் மானப் பிரச்சினை. மூலத்தில் கைக்குட்டை செய்த அத்தனை வேலையையும் அது செய்தது. ‘ராம்-லீலா’வில் அப்படிக் கச்சிதமாக உட்கார்ந்த மாற்று ஒன்றே ஒன்று: ஜூலியட்டின் தந்தை இருந்த இடத்தில் தன்கோர் என்ற தாய். மோதிரம் போட்ட மகளின் விரலையே வெட்டுகிறாள். தகவல் தெரிந்த ராம் தன் விரலையும் வெட்டிக்கொள்கிறான். பகையும் காதலும் ஒரே மொழியில் பேசுகிற இடம் அது. சுப்ரியா பாடக் அந்த வேடத்துக்காகத் துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் பெற்றார், முழுத் தகுதியோடு.

சாளரம்

மூவருக்கும் நன்றி. இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ரசீலா, கேசர் இருவருக்கும் நடக்கும் கொடுமைகள் மூலத்தில் இருக்கிறதா? வட்டத்தில் கல்லூரி மாணவிகளும் இருப்பார்கள். அடுத்து, நாடகத்தை முழுதாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு எந்தக் காட்சிகள் போதும்?

கடைசிவரிசை

மூலத்தில் இல்லை. ரசீலா லீலாவின் அண்ணி, காஞ்ஜியின் விதவை. ஜூலியட்டின் செவிலித்தாய் வேலையை அவள்தான் செய்கிறாள். தூது போன அவளை ராமின் ஆட்கள் சீரழிக்கிறார்கள், பதிலுக்குச் சனேராக்கள் மேக்ஜியின் விதவை கேசரைத் துரத்துகிறார்கள். பகையின் விலையைப் பெண்கள் உடம்பில் வசூலிக்கிறார்கள் என்று காட்ட நினைத்திருக்கலாம். ஆனால் நடந்த பிறகு அந்தப் பெண்களோடு படம் போதுமான நேரம் இருப்பதில்லை, அடுத்த திருப்பத்துக்குப் போய்விடுகிறது. எனக்கு இது படத்தின் ஆகப் பெரிய குறை. திரையிடுமுன் இதைச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்கள் அதற்குப் பிறகு படத்தோடு ஒட்டமாட்டார்கள்.

படிக்க ஐந்து காட்சி போதும். முதல் அங்கம் 5 (விருந்து), இரண்டாம் அங்கம் 2 (மாடம்), மூன்றாம் அங்கம் 1, 2, ஐந்தாம் அங்கம் 3 (கல்லறை). இதோடு ஐந்தாம் அங்கத்தின் 2ஆம் காட்சி ஒரு பக்கம்தான் வரும், அதை மட்டும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். படம் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அண்ணன்கள் இருவரும் செத்த கட்டத்தில் ஒருமுறை நிறுத்தி 3ஆம் அங்கம் 2ஆம் காட்சியை யாரையாவது உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். லீலாவுக்கு இல்லாமல் போன காட்சி எது என்று அப்போதே தெரிந்துவிடும்.

செம்மண்

கடைசி தசரா ஊர்வலத்துக்கு முன்னாடி நிறுத்தாதீங்க. கீழே தெருவுல ராம்லீலா, மேல மாடத்துல இவங்க ரெண்டு பேர். அதை ஒரே மூச்சுல பார்க்கணும். அந்தக் கடிதக் காட்சியைப் படம் முடிஞ்சு, விளக்கைப் போட்டப்புறம் வாசிங்க.