சேலை அனுப்ப மக்கும் உறை வாங்கலாமா?

தேக்கா துணிக்கடை:
சிங்கப்பூரில் இணையம் வழியாகச் சேலை, குர்தா விற்கிறோம். ஒவ்வொன்றும் பாலித்தீன் உறையில்தான் போகிறது. மக்காச்சோளத்திலிருந்து செய்த, உரமாக மக்கும் உறைக்கு மாறலாமா? விலை அதிகம்தான்.

செங்காங் குமார்:
வேண்டாம். வாங்குபவர் உறையைக் குப்பைக் குழாயில் போடுவார், அது எரியாலைக்குப் போகும், சாம்பல் செமாகாவ் தீவில் உள்ள குப்பை நிரப்பிடத்துக்குப் போகும். இதில் எங்கே மக்குவது? அந்த வகை உறை மக்க 60 டிகிரிக்குப் பக்கத்தில் சூடுள்ள உரக்கூடம் வேண்டும்.

மலர்விழி:
எரிந்தால் என்ன, குமார் அண்ணா? சோளம் காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான் திரும்பக் காற்றுக்குப் போகிறது. பாலித்தீன் எரிந்தால் பூமிக்கடியில் கிடந்தது புதிதாக மேலே வருகிறது. இரண்டும் ஒன்றா?

செங்காங் குமார்:
ஒன்றில்லை. ஆனால் உறை முழுக்கச் சோளம் என்று யார் சொன்னது? சோளத்தில் செய்யும் பிஎல்ஏ பிளாஸ்டிக் மட்டும் போட்டால் விறைப்பாக இருக்கும், மடித்தால் கிழியும். அதனால் வளைந்து கொடுக்கும் பிபிஏடி என்ற பிளாஸ்டிக்கைக் கலப்பார்கள். அதுவும் மக்கும், ஆனால் பெரும்பாலும் பெட்ரோலியச் சரக்கு. ஐரோப்பாவின் இஎன் 13432 சான்று மக்குமா என்று மட்டும்தான் பார்க்கும், செடியிலிருந்து வந்ததா என்று பார்க்காது. விற்பவரிடம் தாவரப் பங்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

பிடோக் ராஜி:
ஒரு நடைமுறை விஷயம். எங்கள் கிடங்கில் நீண்ட நாள் கிடந்த மக்கும் உறைகள் ஓரம் பிரிந்து வந்துவிட்டன. நம்ம ஊர் ஈரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதே மேல்.

மலர்விழி:
யாருமே வாங்காவிட்டால் உரக்கூடம் எப்படி வரும்? எல்லாரும் பாலித்தீனையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதானா?

செங்காங் குமார்:
நம் சேலை உறைக்காக யாரும் ஆலை கட்ட மாட்டார்கள், தங்கச்சி. 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்களே, மக்கும் பைக்கும் அதே காசுதான். எந்தப் பை என்பதைவிட எத்தனை பை என்பதுதான் கணக்கு. இன்னொன்று, மக்கும் உறை தவறி மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் விழுந்தால் மறுசுழற்சிக்குப் போகும் பாலித்தீனையும் கெடுக்கும்.

மலர்விழி:
சரி, பையைக் குறைக்க, துணியைச் சுற்றும் உள்ளுறையே இல்லாமல் பட்டுச் சேலையை அனுப்புங்கள். மழையில் வாசலில் வைத்துவிட்டுப் போனால் பணத்தைத் திருப்பித் தருவது நீங்களா?

தேக்கா துணிக்கடை:
பட்டுக்கு உறை கட்டாயம், அதை விடமாட்டேன். பருத்திக்கு உள்ளுறையை நிறுத்திப் பார்க்கிறேன். ராஜி அக்கா, ஓரம் பிரிந்த உறைகள் எத்தனை மைக்ரான் தடிமன்?