ஸ்டியரின் டேங்க் ஹை லெவல் ஸ்விட்ச்சில் பொய் அலாரம்: ஃபோர்க்கை எடுத்துவிட்டு ஃப்ளோட் போடலாமா?

துவாஸ்_டெக்:
வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் சமையல் எண்ணெய் டேங்க் ஃபார்மில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியனாக வேலை. பாம் ஸ்டியரின் (பாமாயிலின் கெட்டியான பகுதி) டேங்க் ஒன்றின் மேல்பக்கச் சுவரில் ட்யூனிங் ஃபோர்க் வகை (அதிரும் இரண்டு பற்கள் கொண்டது) ஹை லெவல் ஸ்விட்ச் இருக்கிறது, எண்ணெய் அதைத் தொட்டால் அலாரம் அடிக்க வேண்டும். எண்ணெய் அந்த உயரத்துக்கு வராமலேயே அலாரம் அடிக்கிறது. கழற்றித் துடைத்தால் கொஞ்ச நாள் ஒழுங்காக இருக்கும், டேங்க் ஒருமுறை நிரம்பி இறங்கியதும் மறுபடி ஆரம்பம். நைட் ஷிஃப்டில் அலாரத்துக்கு பைபாஸ் போட்டு, அடிக்காமல் செய்துவிடலாம் என்கிறார்கள். சூப்பர்வைசர் ஃப்ளோட்டுக்கு (எண்ணெயில் மிதந்து எழும் வகை ஸ்விட்ச்) மாறலாம் என்கிறார். அதே டேங்கைச் சூடாக்கும் ஸ்டீம் கன்ட்ரோல் வால்வும் நிலையாக நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. திரையில் 'மூடியது' என்று காட்டும்போதும் சூடு ஏறுகிறது. எதிலிருந்து தொடங்குவது?

கிராஞ்சி_ஃபிட்டர்:
வால்வைக் குறை சொல்வதற்கு முன் பைபாஸ் லைனை (வால்வைச் சுற்றிப் போகும் மாற்றுக் குழாய்) பாருங்க தம்பி. பெர்மிட் எடுத்து, கன்ட்ரோல் வால்வின் முன்னும் பின்னும் உள்ள கை வால்வு இரண்டையும் மூடுங்க. அப்புறமும் காயிலுக்கு (டேங்குக்குள் உள்ள சூடேற்றும் குழாய்) ஸ்டீம் போனால் பைபாஸ்தான் கசிகிறது. நின்றுவிட்டால் கன்ட்ரோல் வால்வின் சீட் (பிளக் உட்கார்ந்து மூடும் இடம்) கசிகிறது.

பயனியர்_அண்ணன்:
தம்பி, முதலில் அலாரத்துக்கு பைபாஸ் போடும் பேச்சை நிறுத்துங்க. 2005 டிசம்பர் 11, இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு. 912ஆம் எண் டேங்கில் பெட்ரோல் ஏறிக்கொண்டே இருக்க, கேஜ் ஒரே அளவில் நின்றுவிட்டது. அதை நம்பாமல் தனியாக வைத்திருந்த ஹை லெவல் ஸ்விட்ச்சும் அடிக்கவில்லை. அதன் டெஸ்ட் லீவரை வேலை செய்யும் நிலையில் பிடித்து வைக்க ஒரு பூட்டு வேண்டும், அந்தப் பூட்டு மாட்டப்படவே இல்லை. பெட்ரோல் வழிந்து, ஆவி பரவி, வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயம். உங்களுடையது பெட்ரோல் இல்லைதான். ஆனால் சூடான ஸ்டியரின் வழிகிற டேங்க் அடியிலும் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

ஃபோர்க் பொய் சொல்லவில்லை. அது காற்றில் ஒரு வேகத்தில் அதிரும், திரவம் தொட்டால் வேகம் குறையும். அதை வைத்துத்தான் அலாரம். இரண்டு பற்களுக்கு நடுவே ஸ்டியரின் உறைந்து பாலம் கட்டினால் அதற்கு எண்ணெய் வந்தது போலத்தான். ஸ்டியரின் நம் ஊர் வெயிலிலேயே கட்டியாக இருக்கும், இன்சுலேஷன் இல்லாத நாசிலில் (ஸ்விட்ச்சை மாட்டும் குட்டைக் குழாய்) மழை ராத்திரி கேட்கவே வேண்டாம். ஃப்ளோட் போட்டால் இதே ஸ்டியரின் அதன் கீலில் உறையும், எண்ணெய் வந்தாலும் மேலே எழாது. இப்போது வருவது தேவையில்லாத அலாரம். ஃப்ளோட்டில் தேவையான அலாரம் வராமல் போகலாம். நான் மாற்ற மாட்டேன்.

நாசில் நீளத்தை அளந்து பாருங்க. பற்கள் குழாய்க்குள்ளேயே நின்றால் அதுதான் காரணம், முழுசாக டேங்குக்குள் நீட்டி நிற்க வேண்டும். பக்கவாட்டில் மாட்டும்போது பற்களின் இடைவெளி செங்குத்தாக இருந்தால்தான் எண்ணெய் வடியும், அதற்கான அடையாளக் குறி உடம்பிலேயே இருக்கும். சோதனையில் டெஸ்ட் பட்டனோடு நிறுத்தாதீங்க, அது எலக்ட்ரானிக்ஸை மட்டும்தான் பார்க்கும். வெளியே எடுத்து, வெதுவெதுப்பான எண்ணெய் வாளியில் முக்கி, கன்ட்ரோல் ரூமில் அலாரம் வருகிறதா, பம்ப் நிற்கிறதா என்று பாருங்க. சப்ளையைத் துண்டித்தாலும் அலாரம் வந்தாக வேண்டும்.

வால்வுக்கு வருகிறேன். 'மூடியது' என்று திரை காட்டுவது தண்டு இறங்கியதை மட்டும்தான். பிளக் சீட்டில் உட்கார்ந்ததா என்று அதற்குத் தெரியாது. பொசிஷனரில் (சிக்னலுக்கு ஏற்ப வால்வுக்குக் காற்று கொடுத்து நகர்த்தும் கருவி) டைட் ஷட்ஆஃப் வைத்திருக்கிறீர்களா பாருங்க, சிக்னல் பூஜ்ஜியத்தை நெருங்கியதும் ஆக்சுவேட்டர் காற்றை முழுசாக வெளியேற்றி ஸ்பிரிங்கின் முழு பலத்தோடு அழுத்தும். காற்று போனால் மூடும் வகை வால்வுக்குத்தான் இது பொருந்தும். ஆட்டத்துக்கு, கன்ட்ரோலரை மேனுவலில் போடுங்க. ஆட்டம் நின்றால் வால்வோ ட்யூனிங்கோ, நிற்காவிட்டால் பொசிஷனரோ, ஏறி இறங்கும் ஸ்டீம் அழுத்தமோ. பிறகு ஒவ்வொரு சதவீதமாக ஏற்றுங்க. தண்டு அசையாமல் நின்று திடீரென்று தாவினால் பேக்கிங் (தண்டைச் சுற்றிய கசிவுத் தடுப்பு) தண்டைப் பிடிக்கிறது. வழக்கமாக எத்தனை சதவீதத்தில் திறந்து நிற்கிறது?

துவாஸ்_டெக்:
நன்றி அண்ணே. நாசிலை அளந்தேன், பற்கள் குழாய்க்குள்தான் நிற்கின்றன. வால்வு 5 முதல் 10 சதவீதத்திலேயே ஓடுகிறது. கை வால்வுகளை மூடியதும் ஸ்டீம் நின்றது.

பயனியர்_அண்ணன்:
அப்போ வால்வு தேவைக்கு மிகப் பெரியது. எப்போதும் சீட்டை ஒட்டியே திறந்து நிற்கும், ஈர ஸ்டீம் அந்த இடுக்கில் சீறிப் பாய்ந்து சீட்டை அரித்துக் கோடு போட்டிருக்கும். வெறும் சீட் மட்டும் மாற்றினால் திரும்பவும் இதே கதை. அடுத்த ஷட்டவுனில் சின்ன அளவு டிரிம் (பிளக், சீட் செட்) கேளுங்க, வால்வு உடம்பை அப்படியே விடலாம். வால்வுக்கு முன்னால் உள்ள ஸ்டீம் டிராப் தண்ணீரை வெளியேற்றுகிறதா என்றும் பார்த்துவிடுங்க. ஃபோர்க்குக்கு எக்ஸ்டென்ஷன் நீளமானதை ஆர்டர் பண்ணுங்க, நாசிலுக்கு ஹீட் டிரேசிங்கும் (சூடேற்றும் கேபிள் அல்லது குழாய்) இன்சுலேஷனும் சேர்த்து. அது வரும்வரை, டேங்க் நிரம்பி இறங்கும் ஒவ்வொரு முறையும் கழற்றித் துடைக்க பெர்மிட் எடுங்க.

கிராஞ்சி_ஃபிட்டர்:
கழற்றுவதற்கு முன் லெவல் நாசிலுக்குக் கீழே இருப்பதை டிப் டேப் (மேலிருந்து இறக்கும் அளவு நாடா) விட்டு அளந்துக்குங்க தம்பி.