ட்ரஸ்ட் கிளினிக்குக்கு ஜிஎஸ்டி விலக்கு கிடைக்குமா? 80ஜி காட்டியும் பலனில்லை

கேட்டவர்:
விருத்தாசலம் பக்கத்தில் ஒரு சின்ன ட்ரஸ்ட் கிளினிக். சம்பளமில்லாமல் கணக்கு பார்க்கிறேன். டாக்டர் கட்டணம் 30 ரூபாய், முடியாதவர்களிடம் அதுவும் வாங்குவதில்லை. மருந்து வாங்கின விலைக்கே தருகிறோம். ஈசிஜி மெஷினுக்குக் கொட்டேஷன் கேட்டோம்: 48,000 ரூபாய், 12 சதவீத ஜிஎஸ்டி 5,760. எங்களுக்கு அது இரண்டு மாத மாத்திரைச் செலவு. ட்ரஸ்ட் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி பதிவையும், நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி சான்றிதழையும் காட்டினேன், விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட மையங்கள் விலக்குச் சான்றிதழைக் கொடுத்தால் கடையில் விற்பனை வரியே போடமாட்டார்களாம், தங்கை சொன்னாள். நமக்கு அப்படி ஏதும் இல்லையா?

பதில் 1 (ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை):
இல்லை சார். 12ஏபி, 80ஜி இரண்டுமே வருமான வரிக்கானவை. ஜிஎஸ்டியில் வாங்குபவர் தர்ம ஸ்தாபனம் என்பதற்காக விற்பவர் வரியை விட முடியாது. நீங்கள் செய்யும் வைத்தியத்துக்குத்தான் விலக்கு, 2017ஆம் வருஷ 12ஆம் எண் அறிவிக்கையில் இருக்கிறது. அதனால் 30 ரூபாய்க்கு வரி கிடையாது. ஆனால் நோயாளியிடம் வரி வாங்காததால், பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டும் வராது. மெஷின் மேல் கட்டும் வரி உங்கள் செலவுதான்.

ஆனால் அந்தக் கொட்டேஷனில் ஒரு தப்பு இருக்கிறது. மருத்துவக் கருவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. பழைய விகிதத்தில் போட்டிருக்கிறார்கள். புதுக் கொட்டேஷன் கேளுங்கள், வரி 2,400தான் வரும்.

பதில் 2:
மெஷினை விட மருந்தைக் கவனிங்க. உள்நோயாளிக்குக் கொடுத்தால் அது சிகிச்சையின் பகுதி. புறநோயாளிக்கு விற்பது தனி விற்பனை, லாபமில்லாவிட்டாலும் விற்பனைதான். வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு வருது?

கேட்டவர்:
கட்டணம் 6 லட்சம், மருந்து 13 லட்சம். 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று கேள்விப்பட்டேனே?

பதில் 2:
அது பொருள் மட்டும் விற்கிறவங்களுக்கு. உங்களுக்கு எல்லை 20 லட்சம், விலக்குள்ள வைத்தியக் கட்டணமும் அதில் சேரும். 19 லட்சத்தில் நிற்கிறீங்க. கட்டடம் யாருடையது?

கேட்டவர்:
வாடகை. தனிநபர், அவருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை. மாதம் 15,000.

பதில் 1:
அப்படியானால் இன்னும் கவனமாக இருங்கள். நீங்கள் ஜிஎஸ்டியில் பதிந்த நாளிலிருந்து அந்த வாடகைக்கு ரிவர்ஸ் சார்ஜில் (கொடுப்பவருக்குப் பதிலாகப் பெறுபவரே வரி கட்டும் முறை) 18 சதவீதம் நீங்களே கட்ட வேண்டும், மாதம் 2,700. 2024 அக்டோபர் 10லிருந்து இந்த விதி. பதிவு இல்லாதவரை இது உங்கள் மேல் வராது. அதற்காகக் கணக்கை மறைக்கச் சொல்லவில்லை, 20 லட்சம் தாண்டினால் 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும். ஆனால் நன்கொடையில் வாங்கின மருந்தை இலவசமாகக் கொடுத்தால் அது விற்பனையில் சேராது. பிரதிபலன் எதிர்பாராத நன்கொடையும் சேராது. தினமும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஏழைகளுக்கு அப்படிக் கொடுத்துப் பாருங்கள், அவர்களுக்கும் நல்லது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி சார். புதுக் கொட்டேஷன் வந்துவிட்டது, வரியோடு 50,400. மருந்து அலமாரிக்கு இன்று இரண்டு நோட்டு போட்டுவிட்டோம், விற்பனைக்கு ஒன்று, இலவசத்துக்கு ஒன்று.