கலைச்சொல்: காரின் ‘கிரீன்ஹவுஸ்’ பகுதிக்குக் ‘கூண்டு’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கார் வடிவமைப்புச் சொற்கள் பற்றி இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டு எழுதுகிறேன். பாதிக்கு மேல் எஸ்.யு.வி.க்கு என்ன சொல் என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். எஸ்.யு.வி. எஸ்.யு.வி.யாகவே இருக்கட்டும், காரும் காராகவே இருக்கட்டும். ஒரு வண்டியின் முன் நின்று, அது ஏன் அப்படி இருக்கிறது என்று தமிழில் நாலு வரி எழுத நினைப்பவருக்கு இடறுவது அந்தப் பெயர்கள் இல்லை. தகடு எங்கே முடிகிறது, கண்ணாடி எங்கே தொடங்குகிறது, கூரை எதன் மேல் நிற்கிறது, இதையெல்லாம் சொல்லத்தான் சொல் கிடைப்பதில்லை.

அதில் முதலில் வேண்டியது ஒன்று. பக்கவாட்டில் பார்த்தால் எந்தக் காரும் இரண்டு பகுதி. கீழே தகட்டு உடல். அதன் மேல் கண்ணாடி, தூண், கூரை சேர்ந்த இன்னொரு உருவம். இந்த மேல் உருவத்தைத்தான் வடிவமைப்பாளர்கள் கிரீன்ஹவுஸ் என்கிறார்கள்.

> பசுமைக்குடில் என்று நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே இங்கும் வைத்துக்கொள்ளலாமே.

பசுமைக்குடில் நல்ல சொல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைக் கேட்டதும் மனதில் வருவது குடைமிளகாயும் ஓசூர் ரோஜாவும். கார் படிக்க வந்தவர் அங்கிருந்து கண்ணாடிக்கும் தூணுக்கும் வந்து சேர வழியே இல்லை.

என் முன்மொழிவு: கூண்டு.

இது புதிதாகக் கட்டிய சொல்லும் இல்லை. மாட்டுவண்டித் தட்டின் மேல் மூங்கிலை வளைத்துப் பாய் போட்டு மூடியதைக் கூண்டு என்றுதான் சொன்னோம், அப்படி மூடிய வண்டி கூண்டு வண்டி. கீழே சுமக்கும் தட்டு, மேலே ஆளை மூடும் கூண்டு. காரில் இந்த இரண்டு பகுதிக்கும் இடையே உள்ள உறவும் அதுவேதான். வாகனத்துக்கென்றே தமிழில் இருந்த சொல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும்போது தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை.

சொல் வேலை செய்கிறதா என்று ஒரு வண்டியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 2008 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் லேண்ட் ரோவர் காட்டிய எல்.ஆர்.எக்ஸ். கான்செப்ட்டை, அதாவது விற்பனைக்கு வருமுன் காட்டும் மாதிரி வண்டியை, எடுத்துக்கொள்கிறேன். (அந்த ஆண்டு ஜூனில்தான் நிறுவனம் ஃபோர்டிடமிருந்து டாடாவின் கைக்கு வந்தது. ஆகவே அது ஃபோர்டு காலத்து வண்டி.) ஜெர்ரி மெக்கவர்ன் வடிவமைப்புக்குத் தலைமை ஏற்றிருந்த காலம். இதே உருவம் பெரிதாக மாறாமல் 2011இல் ரேஞ்ச் ரோவர் ஈவோக் என்ற பெயரில் லிவர்பூல் அருகே ஹேல்வுட் ஆலையிலிருந்து வெளியே வந்தது. கண்காட்சி மேடையில் இருந்த வண்டி கடைக்கு வரும்போது சப்பிப்போவதுதான் வழக்கம், இதில் அது நடக்கவில்லை. அதனால்தான் இதை எடுக்கிறேன்.

எல்.ஆர்.எக்ஸில் இரண்டு கோடுகளைப் பாருங்கள். ஒன்று, கூரையின் கோடு. ஓட்டுநரின் தலைக்கு மேல் உச்சிக்குப் போய்விட்டு அங்கிருந்து பின்னால் சரிந்துகொண்டே போகிறது. இன்னொன்று, தகடும் கண்ணாடியும் சேரும் கோடு. இது முன்சக்கரத்தின் பக்கத்திலிருந்து பின்விளக்கு வரைக்கும் ஏறிக்கொண்டே போகிறது. மேலிருந்து ஒன்று இறங்க, கீழிருந்து ஒன்று ஏற, நடுவில் மாட்டிய கண்ணாடி பின்னால் போகப்போக ஒடுங்குகிறது. வண்டி நின்றிருந்தாலும் பாயப்போவது போல் தெரிவதற்கு அந்த ஒடுக்கம்தான் காரணம். இதைத் தமிழில் ஒரே வரியில் எழுதலாம்: எல்.ஆர்.எக்ஸில் கூண்டு பின்னால் போகப்போக ஒடுங்குகிறது. ‘பசுமைக்குடில் ஒடுங்குகிறது’ என்று எழுதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அப்புறம், இந்தச் சொல்லுக்குக் கிளை விடும் குணம் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான்.

தகடும் கண்ணாடியும் சேரும் அந்தக் கோட்டை ஆங்கிலத்தில் பெல்ட்லைன் என்பார்கள். நம் குழுமத்தின் கலைச்சொல் பட்டியலில் ‘இடைவார்க் கோடு’ என்று போட்டிருக்கிறோம். இடுப்பு, வார் எல்லாம் ஆங்கிலக்காரர் காரை ஆளாக நினைத்துப் பார்த்ததில் வந்தவை. மலையடி, மரத்தடி என்பது போல கூண்டடி என்று வைக்கலாம். கூண்டு தொடங்கும் அடி, அவ்வளவுதான். ‘கூண்டடி உயர்ந்த வண்டி’ என்றால் விளக்கமே வேண்டாம்.

கண்ணாடி ஓரத்தில் டேப் ஒட்டும் வேலையை நினைத்தாலும் இந்தச் சொல் பொருந்துகிறது. கார் வடிவமைப்பு ஸ்டுடியோக்களில் முழு அளவுப் பக்கத் தோற்றத்தைச் சுவரில் வரைவதும் களிமண் மாதிரியின் மேல் கோடு போடுவதும் பென்சிலால் நடப்பதில்லை, கருப்பு டேப்பால் நடக்கிறது. டேப்பை இழுத்து ஒட்டுவார்கள், பத்தடி தள்ளி நின்று பார்ப்பார்கள், திரும்பி வந்து பின்முனையை மட்டும் உரித்துச் சில மில்லிமீட்டர் ஏற்றி ஒட்டுவார்கள். அந்தச் சில மில்லிமீட்டரில் வண்டியின் முகமே மாறும். அவர்கள் அங்கே ஏற்றி இறக்குவது கூண்டடியைத்தான்.

தூண்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்து கொடுத்திருக்கிறார்கள். நாம் கூண்டுக்கால் என்று சொல்லலாம்: முன் கூண்டுக்கால், நடுக் கூண்டுக்கால், பின் கூண்டுக்கால். பந்தக்கால் என்று நாம் சொல்வதும் இந்தப் பொருளில்தானே. ‘தூண்’ தவறில்லை, ஆனால் கோயில் தூணின் கனம் அதில் ஏறிவிடுகிறது. இங்கே நாம் பேசுவது முடிந்தவரை மெலிதாகக் காட்டப் பார்க்கும் ஒரு பொருளை.

சிலர் கூண்டையும் ஜன்னல் உருவத்தையும் ஒன்றாக்கிப் பேசினார்கள். இரண்டும் வேறு. கூண்டு என்பது கூரை வரை உள்ள முழுக் கன உருவம். கண்ணாடி மட்டும் வெளியே காட்டும் தட்டையான வரைவடிவத்துக்கு வடிவமைப்பாளர்கள் டி.எல்.ஓ. என்ற மூன்றெழுத்தைச் சொல்கிறார்கள், பகல் வெளிச்சம் நுழையும் திறப்பு என்ற பொருளில். இதற்கு ஒளிவாய் என்று வைக்கலாம். குரோம் பட்டை ஓடுவது ஒளிவாயைச் சுற்றி. கூண்டு உயரமாக இருந்தும் ஒளிவாய் சிறிதாக இருக்கலாம், அதனால் இரண்டு சொல்லும் வேண்டும்.

> ஃபுளோட்டிங் ரூஃப் = மிதக்கும் கூரை. இதில் என்ன சிக்கல்?

சிக்கல் இருக்கிறது, ஐயா. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் உண்மையாகவே மிதக்கும் கூரை உண்டு. தொட்டிக்குள் எண்ணெய் மட்டம் ஏறினால் கூரையும் அதன் மேல் மிதந்தபடி ஏறும், இறங்கினால் இறங்கும். அந்தத் துறைக்காரர்களுக்கு இந்தச் சொல் வேண்டும். காரில் எதுவும் மிதப்பதில்லை. கூண்டுக்கால்களைக் கருப்பாக்கிக் கண்ணாடியோடு கண்ணாடியாகத் தெரியும்படி மறைத்துவிடுகிறார்கள், கூரைக்கு வேறு நிறம் கொடுக்கிறார்கள். ஈவோக்கில் பளிச்சென்று தெரிவது இதுதான். செய்த வேலையைச் சொல்லும்படி கால்மறை கூரை எனலாம். இதைவிட நல்லது கிடைத்தால் ஏற்கத் தயார்; ‘மிதக்கும்’ மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து.

இனி ‘கூண்டு’க்கு வரக்கூடிய மறுப்புகள். இரண்டு ஏற்கெனவே வந்துவிட்டன.

> கூண்டு என்றால் கிளிக்கூண்டு, குற்றவாளிக் கூண்டு. மக்கள் விரும்பி வாங்கும் வண்டிக்கு இப்படிப் பெயர் வைப்பதா?

சூழல் பார்த்துப் பொருள் கொள்வது தமிழருக்குப் புதிதில்லை. கூண்டு வண்டியில் மணப்பெண்ணையே அழைத்து வந்தார்கள், சிறையாக யாரும் நினைக்கவில்லை. இந்த மறுப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

> ராலி வண்டிகளில் உள்ளே போடும் இரும்புக் குழாய்ச் சட்டம், ரோல் கேஜ், அதற்குத்தானே கூண்டு சரி?

இது கனமான மறுப்பு, எழுதிய தம்பிக்கு நன்றி. விளையாட்டுத் தோற்றம் கொண்ட வண்டிகளைப் பற்றி எழுதும்போது இரண்டும் ஒரே பக்கத்தில் வரும், குழப்பம் நேரலாம். ஆனால் அந்தக் குழாய் அமைப்பின் வேலை மூடுவது இல்லை. வண்டி உருண்டால் நசுங்காமல் தாங்குவது. அதனால் அதற்கு உருள்காப்புச் சட்டம் சரியாக வரும். ‘கூடு’ என்று சுருக்கலாமே என்று கேட்டவருக்கும் ஒரு வார்த்தை: தனிச் சட்டம் இல்லாமல் உடலே சட்டமாகும் மானோகாக் அமைப்புக்கு ‘கூடு’ தேவைப்படும், அதை அங்கே விட்டுவைப்போம்.

சொல் ஒரு பக்கம் இருக்கட்டும், பொருளையும் கொஞ்சம் பேச வேண்டும். கூண்டு இப்படிச் சிறுத்துப்போனதற்கு அழகு மட்டும் காரணமில்லை. பக்கவாட்டு மோதலைத் தாங்கக் கதவு தடித்தது, உயர்ந்தது. நடந்துபோகிறவரின் தலை மோதினால் அடி குறைய வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் வந்தபின், பானட்டுக்கும் அதன் கீழே உள்ள எஞ்சினுக்கும் இடையே வெற்றிடம் விட வேண்டியதாயிற்று, பானட் மேலே ஏறியது. பானட் ஏறினால் கூண்டடியும் ஏறத்தான் செய்யும். உடல் தடித்ததும் பழைய அளவுச் சக்கரம் சிறுத்துத் தெரிந்தது, ஈவோக்குக்கு 20 அங்குலச் சக்கரம் வரை கொடுத்தார்கள். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போன கதை இது.

இதற்கு விலையும் உண்டு. ஈவோக்கின் பின்கண்ணாடி அகலமாக ஒரு கீற்று போலத்தான் இருக்கிறது. ஓட்டுநர் பின்னால் பார்க்கும் உட்புறக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் வண்டி முழுசாகத் தெரியாது. விமர்சகர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை இது. 2018 நவம்பரில் காட்டிய இரண்டாம் தலைமுறையில் கூரை மேல் சுறாத்துடுப்பு வடிவில் இருக்கும் ஆன்டெனா மூடியில் ஒரு கேமரா வைத்து, உட்புறக் கண்ணாடியையே திரையாக மாற்றும் வசதியைக் கொடுத்தார்கள். பின்னிருக்கைக்காரருக்குக் கேமரா என்ன செய்யும்? ஒளிவாய் ஒடுங்கும் இடத்தில்தான் அவர் தலை இருக்கிறது. குழந்தைகள் உட்கார்ந்தால் கதவுத் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டு வர வேண்டும். தமிழில் கார் விமர்சனம் எழுதுகிறவர்கள் ‘ஸ்டைலாக இருக்கிறது’ என்று முடித்துவிடாமல் இதையும் எழுத வேண்டும், எழுதச் சொல் வேண்டும். நான் இந்தச் சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவது அதற்காகத்தான்.

உட்புறத்துக்கு ஒரே ஒரு சொல் மட்டும் இப்போது. சென்டர் கன்சோலுக்கு ‘மைய முனையம்’ என்று ஒரு பரிந்துரை வந்திருந்தது. கணினிப் பட்டியலிலிருந்து இறங்கி வந்த சொல் அது, இரண்டு இருக்கைக்கு நடுவே மேடாக நிற்கும் பொருளுக்கு ஒட்டாது. நான் சொல்வது நடுத்திட்டு. 2009இல் ஜெனீவாவில் நிசான் காட்டிய கஸானா கான்செப்ட்டை நினைத்துப் பாருங்கள். லண்டனில் பேடிங்டனில் உள்ள அவர்களது ஐரோப்பிய ஸ்டுடியோவில் உருவானது. உள்ளே இருக்கைகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கைப் போன்ற ஒரு முதுகு ஓடும். 2010இல் அது ஜூக் என்ற காராக வந்தபோது, நடுக் கூண்டுக்கால் இல்லாமல் எதிரெதிராகத் திறந்த கதவுகள் போய்விட்டன. பின்கதவின் கைப்பிடி மட்டும் பின் கூண்டுக்கால் அருகே ஒளிந்துகொண்டது, பார்க்க இரண்டு கதவு வண்டி போலவே இருக்கட்டும் என்று. ஆனால் அந்த டாங்க் வடிவ நடுத்திட்டு தப்பித்தது, வண்டிச் சாயம் பூசியது போன்ற பளபளப்போடு. முதல் தலைமுறை ஈவோக்கிலும் நடுத்திட்டுதான் உட்புறத்தின் உயிர்: இருக்கை நடுவிலிருந்து சாய்வாக ஏறி டேஷ்போர்டில் போய்ச் சேரும், ஆட்டோமேட்டிக் வண்டியானால் அதில் எஞ்சினை முடுக்கியதும் கியர்க் குமிழ் மேலே எழும்.

பானட், டிக்கி, மட்கார்டு, பம்பர் இவற்றைத் தொட வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். பட்டறையில் எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது. சொல்லே இல்லாத இடத்தில் சொல் வைப்போம்.

ஒன்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சக்கர அச்சுக்கு வெளியே முன்னும் பின்னும் நீண்டிருக்கும் பகுதி, ஓவர்ஹாங். ஜூக்கின் நீளம் 4,135 மி.மீ., அச்சிடைத் தூரம் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ளது) 2,530. மீதி 1,605 முன்னும் பின்னுமாகப் போகிறது. மறைமலை நகரில் ஃபோர்டு செய்த ஈகோஸ்போர்ட், வரிச் சலுகைக்காக 4 மீட்டருக்குள் நிற்க வேண்டியிருந்ததால் 3,999இல் முடிந்தது. அச்சிடைத் தூரம் 2,520, ஆக மீதி 1,479தான். வண்டி கட்டுக்கோப்பாகத் தெரிவதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு. ‘தொங்கல்’ என்று பட்டியலில் இருக்கிறது, ஆனால் அங்கே எதுவும் தொங்கவில்லை. ‘முன்நீட்டம், பின்நீட்டம்’ என்று யோசித்தேன், சொல்லில் பிடிப்பு வரவில்லை. கரூர், நாமக்கல் பக்கம் பஸ், லாரி பாடி கட்டுகிறவர்கள் பின்சக்கரத்துக்கு அப்பால் நீளும் பகுதியை என்னவென்று சொல்கிறார்கள்? இலங்கை நண்பர்களிடமும் இதையே கேட்கிறேன். பட்டறையில் புழங்கும் சொல் ஏதாவது இருந்தால் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

மறுப்பு வராவிட்டால் கூண்டு, கூண்டடி, கூண்டுக்கால், ஒளிவாய், நடுத்திட்டு ஐந்தையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். கால்மறை கூரையை இன்னும் கொஞ்சம் பேசலாம்.

அன்புடன்